விடைகொடுக்கும் விளக்குகள்

ஜப்பானியரின் நீத்தார் வழிபாடும் அதன் உட்பொருளும்

இறந்தோரை நினைந்து போற்றாத மக்களினம் உலகில் இல்லை. போற்றும் முறைதான் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றது. பண்டைத் தமிழர், போரில் மாண்ட வீரனுக்குக் கல் நட்டு அதில் அவன் பெயரைப் பொறித்தனர். வள்ளுவப் பெருந்தகை, இல்வாழ்வான் பேணவேண்டியோரை எண்ணும்போது தென்புலத்தாராகிய முன்னோரையும் சேர்த்தே எண்ணினார். நம்மோடு வாழும் சீன மக்கள் சிங் மிங் நாளில் மூதாதையரின் கல்லறைக்குச் சென்று புல்செதுக்கித் தூய்மை செய்து படையலிடுகின்றனர். ஜப்பானியரோ, கோடைக்கால மாலையொன்றில் ஒரு தாள் விளக்கில் இறந்தவர் பெயரை எழுதி, அதை ஆற்றிலோ கடலிலோ மிதக்க விட்டுக் கைகூப்பி நிற்கின்றனர்.

இவ்விளக்கு விழாவின் படங்கள் இன்று உலகெங்கும் பரவியுள்ளன. இருண்ட நீரில் பொற்புள்ளிகள் அசைந்து செல்லும் காட்சியைக் கண்டு, “என்ன அழகு!” என்று வியப்போர் பலர். அழகு உண்மைதான். ஆயினும் ஆற்றங்கரையில் விளக்கோடு நிற்பவர் அழகு காண வந்தவரல்லர். தம் தாய்க்கோ, கணவனுக்கோ, பிள்ளைக்கோ விடைகொடுக்க வந்தவர். அவர் நெஞ்சை அறியாமல் விளக்கை மட்டும் பார்ப்பது, கடிதத்தைப் படிக்காமல் உறையை மட்டும் பார்ப்பது போன்றதாகும். ஆதலின் இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது, எவ்வாறு நடைபெறுகின்றது, அதன் உட்பொருள் யாது, நமக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்பவற்றை ஈண்டு முறையே காண்போம்.

பெயரும் கதையும்

ஜப்பானிய மொழியில் இச்சடங்கிற்கு ‘டோரோ நகாஷி’ என்று பெயர். டோரோ என்பது விளக்குக் கூடு. நகாஷி என்பது நீரோட்டத்தில் விடுதல். இது பெரும்பாலும் தனித்து நிற்கும் விழா அன்று. ‘போன்’ என்றும், மதிப்பு மொழி சேர்த்து ‘ஓபோன்’ என்றும் வழங்கும் நீத்தார் பெருவிழாவின் கடைசிப் பகுதியே விளக்கு விடுதல்.

போன் என்னும் சொல் ‘உராபோன்’ என்பதன் சுருக்கம். உராபோன் சீனத்தின் ‘யூலான்பென்’ என்னும் சொல்லிலிருந்து வந்தது. யூலான்பென் என்பதோ இந்திய மொழிச் சொல்லொன்றின் சீன வடிவம். இப்பெயருடைய சூத்திரம் ஒன்று சீன மொழியில் உண்டு. கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த தர்மரட்சர் என்னும் துறவி அதை மொழிபெயர்த்தார் என்பது மரபு. அது சீனத்திலேயே உருவாயிற்று என்று கருதும் அறிஞரும் உளர். அதன் கதை பின்வருமாறு:

புத்தரின் தலைமாணாக்கர் இருவருள் ஒருவர் மௌத்கல்யாயனர். பாலி மொழியில் மொக்கல்லானர் எனப்படும் இவரை ஜப்பானியர் ‘மொக்குரென்’ என்பர். அருளாற்றல் பெற்ற இவர், இறந்துபோன தம் தாய் எங்கே பிறந்திருக்கிறாள் என்று நோக்கினார். அவள் பசிப்பேய்களின் உலகில் தோலும் எலும்புமாய் வாடிக்கொண்டிருந்தாள். உடனே கலத்தில் சோறு எடுத்துச் சென்று கொடுத்தார். அவள் பிறர் பறித்துவிடாதபடி இடக்கையால் கலத்தை மறைத்துக்கொண்டு வலக்கையால் அள்ளினாள். சோறு வாயை அடையுமுன் தணலாய் மாறிற்று. மகன் கதறியழுது புத்தரிடம் ஓடினார். “உன் ஒருவன் ஆற்றலால் இது தீராது. மழைக்காலத் தவம் முடித்துத் துறவியர் கூடும் ஏழாம் மாதத்துப் பதினைந்தாம் நாளில் சங்கத்தார் அனைவர்க்கும் உணவளி, அந்தக் கூட்டு அறத்தின் பயன் உன் தாய்க்குச் சேரும்” என்னும் கருத்துப்பட அவர் வழிகாட்டினார். அவ்வாறே செய்ய, தாய் துன்பம் நீங்கினாள். அதுகண்ட மகன் மகிழ்ச்சி தாங்காமல் ஆடினார் என்றும், போன் விழாவில் ஊரார் வட்டமாய் நின்று ஆடும் ‘போன் ஒடோரி’ ஆட்டம் அதிலிருந்து தோன்றியது என்றும் ஜப்பானியர் சொல்வர்.

இனி, இந்தச் சொல்லின் பொருள் யாது? தலைகீழாய்த் தொங்குதல் என்று பொருள்படும் வடசொல்லிலிருந்து வந்தது என்பது பழைய விளக்கம். இறந்தோர் படும் துன்பத்தை அது குறிக்கும் என்றனர். ஜப்பானிய அறிஞர் சேய்ஷி கராஷிமா 2013ஆம் ஆண்டில் வேறொரு விளக்கம் தந்தார். ‘ஓதன’ என்னும் சொல்லின் பேச்சுவழக்குத் திரிபே ‘யூலான்’ ஆயிற்று. ‘பென்’ என்பது கலத்தைக் குறிக்கும் சீனச்சொல். ஆகவே யூலான்பென் என்பது ‘சோற்றுக் கலம்’ என்பது அவர் முடிவு. ஓதனம் என்றால் சோறு என்பது நம் நிகண்டுகளை அறிந்தோர்க்குப் புதிதன்று. மணிமேகலை கையில் ஏந்திய அமுதசுரபியை அறிந்த தமிழர்க்கு, பௌத்த அறத்தின் நடுவே ஒரு சோற்றுக் கலம் இருப்பதும் வியப்பாகாது.

இவ்வழிபாடு சீனத்திலிருந்து கொரியா வழியே வந்த பௌத்தத்தோடு ஜப்பானுக்குச் சென்றது. சுயிக்கோ பேரரசியின் ஆட்சியில், கி.பி. 606ஆம் ஆண்டு முதல், ஏழாம் மாதத்துப் பதினைந்தாம் நாளில் கோயில்தோறும் உணவளிக்கும் அறம் தொடங்கிற்று என்று ஜப்பானின் பழைய வரலாற்று நூலாகிய ‘நிஹோன் ஷோக்கி’ கூறுகின்றது. 657ஆம் ஆண்டில் உராபோன் என்னும் பெயரோடே விழா நடந்ததையும் அந்நூல் குறிக்கின்றது. அரண்மனையிலும் கோயிலிலும் இருந்த இவ்வழக்கம் காலப்போக்கில் குடிமக்கள் இல்லங்களுக்குள் புகுந்தது.

ஆன்மா இல்லையெனில் அனுப்புவது யாரை?

இங்கே கூர்ந்து நோக்கும் மாணவன் ஒரு வினா எழுப்பக்கூடும். “நிலையான ஆன்மா இல்லை என்பதன்றோ புத்தர் கொள்கை? அங்ஙனமாயின் விளக்கேற்றி எதை வழியனுப்புகின்றனர்?” நல்ல வினா. இதற்கு மூன்று வகையாக விடை கூறலாம்.

முதலாவது, பௌத்தம் மறுபிறப்பை மறுக்கவில்லை. மாறாத பொருளொன்று உடல்விட்டு உடல் பாய்கிறது என்பதையே மறுக்கின்றது. ‘மிலிந்தன் வினாக்கள்’ என்னும் பாலி நூலில் நாகசேனர் இதற்கு விளக்கையே உவமை காட்டுகின்றார். ஒரு விளக்கிலிருந்து மற்றொரு விளக்கை ஏற்றும்போது முதல் விளக்கிலிருந்து எதுவும் பெயர்ந்து செல்வதில்லை. ஆயினும் முன்னதன்றிப் பின்னது இல்லை. பிறப்பின் தொடர்ச்சியும் அத்தகையதே என்பது அவர் கருத்து.

இரண்டாவது, இறந்தோர்க்கு அறப்பயனைப் பகிர்ந்தளித்தல் என்னும் கோட்பாடு தேரவாத பௌத்தத்திலும் உண்டு. பாலி மொழியிலுள்ள ‘பேதவத்து’ என்னும் நூலும் அதன் உரையும் இதைப் பற்றிப் பேசுகின்றன. மகத மன்னன் பிம்பிசாரன் புத்தர்க்கு உணவளித்தான். ஆனால் அதன் பயனை இறந்த உற்றார்க்கென்று சொல்லிக் கொடுக்கவில்லை. அன்றிரவு, சுவர்களுக்கு வெளியே காத்திருந்த அவனுடைய பழம்பிறவி உறவினரின் ஓலம் கேட்டது. மறுநாள் அவர்கள் பொருட்டு என்று உரைத்து அளித்தபோதுதான் அவர்களுக்கு உணவும் நீரும் உடையும் கிட்டின என்பது உரையாசிரியர் கூறும் வரலாறு. சொல்லிக் கொடுத்தல் என்பதை நினைவில் வைத்துக்கொள்க. யாருக்கு என்று குறிப்பதே அங்கே திறவுகோல்.

மூன்றாவது, ஜப்பானியப் பௌத்தர் அனைவரும் ஒரே கருத்தினர் அல்லர். ஜோதோ ஷின்ஷு என்னும் பெரும் பிரிவினர், இறந்தோர் அமிதப் புத்தரின் தூய நாட்டை அடைந்துவிட்டனர் என நம்புவோர். ஆகவே ஆவிகள் பசியோடு திரும்பி வருகின்றன என்று அவர்கள் கொள்வதில்லை. போன் விழாவை ‘மகிழ்ச்சிக் கூட்டம்’ என்று பெயரிட்டு, முன்னோர்க்கு நன்றி செலுத்தும் நாளாகவே கொண்டாடுகின்றனர். ஏனையோரில் பலர், பௌத்தம் வருமுன்பே அத்தீவுகளில் இருந்த முன்னோர் வழிபாட்டையும் சூத்திரக் கதையையும் ஒன்றாய்ப் பிணைத்துக்கொண்டனர். சமயங்கள் நாடுவிட்டு நாடு செல்லும்போது இத்தகைய பிணைப்பு நிகழ்வது இயல்பே.

நான்கு நாள் விருந்தினர்

ஜப்பான் 1873ஆம் ஆண்டில் மேனாட்டு நாள்காட்டியை ஏற்றுக்கொண்டது. அதன் பின்னர்த் தோக்கியோவிலும் வேறு சில பகுதிகளிலும் ஜூலை நடுவிலும், நாட்டின் பெரும்பகுதியில் ஆகஸ்டு நடுவிலும், ஓகினாவாத் தீவுகளில் பழைய சந்திர நாள்காட்டிப்படியும் போன் விழா நடைபெறுகின்றது. 13ஆம் நாள் தொடங்கி 16ஆம் நாள் முடிவது பொதுவழக்கு.

முதல் நாள் மாலை, வீட்டு வாயிலில் சிறு தீ மூட்டுகின்றனர். இது ‘வரவேற்புத் தீ’. இறந்த உறவினர் தம் வீட்டை அடையாளம் காண இது உதவும் என்பது நம்பிக்கை. வீட்டினுள்ளே தனி மேடை அமைத்து, பூவும் கனியும், அவர்கள் உயிரோடிருந்தபோது விரும்பி உண்ட பண்டங்களும் வைக்கின்றனர். வெள்ளரிக்காய்க்கும் கத்தரிக்காய்க்கும் குச்சிகளால் நான்கு கால்கள் பொருத்தி மேடையில் நிறுத்துவதும் உண்டு. வெள்ளரிக்காய் குதிரை, கத்தரிக்காய் மாடு. வரும்போது குதிரையேறி விரைந்து வரவேண்டும்; போகும்போது மாட்டின்மேல் மெல்லப் போகவேண்டும் என்பது அவற்றின் பொருள். பிரிவின் துயரை இதைவிட எளிமையாக எடுத்துரைக்க இயலுமோ!

ஓராண்டிற்குள் இறந்தவர்க்கு வரும் முதல் போன் விழா தனிச்சிறப்புடையது. அவ்வீட்டில் வெள்ளை விளக்கொன்றைத் தொங்கவிடுவர். புதிதாய் இறந்தவர் வழி தவறாமல் வந்து சேரவேண்டும் அல்லவா? உற்றாரும் அண்டையாரும் அவ்வீட்டிற்குத் தவறாமல் செல்வர்.

கடைசி நாள் ‘வழியனுப்பும் தீ’. கியோத்தோ நகரில் ஆகஸ்டு 16ஆம் நாள் இரவு, நகரைச் சூழ்ந்த ஐந்து மலைகளில் பெருந்தீ மூட்டுகின்றனர். அவற்றுள் புகழ்மிக்கது, ‘பெரியது’ என்று பொருள்படும் எழுத்தின் வடிவில் எரிவது. மலையில் மூட்டும் அதே தீயை நீரில் விட்டால் அதுவே மிதக்கும் விளக்கு. ஆக, டோரோ நகாஷி என்பது நான்கு நாள் விருந்தினரை வாயில்வரை சென்று வழியனுப்பும் செயலாகும். விருந்தினரை வரவேற்பதைவிட வழியனுப்புவதில்தான் பண்பு வெளிப்படும் என்று நம் பெரியோர் சொல்வதை இங்கே ஒப்புநோக்கலாம்.

விளக்கின் அமைப்பும் விடும் முறையும்

விளக்கின் அமைப்பு மிக எளியது. சதுரமான மெல்லிய மரப்பலகை ஒன்று அடித்தளம். அதன் நான்கு மூலைகளில் குச்சிகள். அவற்றைச் சுற்றித் தாள் ஒட்டினால் மேற்புறம் திறந்த பெட்டி போல் ஆகும். நடுவில் ஒரு மெழுகுவத்தி. தாள் காற்றைத் தடுப்பதால் சுடர் அணைவதில்லை. மேற்புறம் திறந்திருப்பதால் வெப்பம் வெளியேறுகின்றது. பலகை அகன்றிருப்பதால் சிற்றலையில் கவிழ்வதில்லை. இக்காலத்தில் சில இடங்களில் மெழுகுவத்திக்கு மாற்றாக மின்கலத்தால் ஒளிரும் சிறு விளக்கையும் வைக்கின்றனர்.

தாளின்மேல் எழுதுவதே தலையாய செயல். இறந்தவரின் பெயரை எழுதுவர். ஜப்பானியப் பௌத்தர்க்கு இறந்தபின் துறவியர் சூட்டும் சமயப்பெயர் ஒன்றும் உண்டு. அதை எழுதுவோரும் உளர். சிலர் பெயரோடு ஓரிரு சொற்களும் சேர்த்து எழுதுவர். துறவியர் சூத்திரம் ஓதுவர். பொழுது சாய்ந்ததும் ஒருவர் பின் ஒருவராய்ப் படியிறங்கி, விளக்கை நீரின்மேல் வைத்து, மெல்லக் கையை எடுத்து, அது நீரோட்டத்தில் சேரும்வரை பார்த்துக் கைகூப்புவர். ஆற்றின் போக்கே அதைக் கொண்டுசெல்லும்.

நீரில் விடுவது ஏன்? மறுவுலகம் கடலுக்கு அப்பால் உள்ளது என்ற பழைய நம்பிக்கை ஜப்பானின் கரையோர மக்களிடம் இருந்தது. அன்றியும் பௌத்தர் வீடுபேற்றை ‘அக்கரை’ என்று உருவகித்தனர். இக்கரை துன்பம்; அக்கரை விடுதலை. அக்கரை என்று பொருள்படும் ‘ஹிகான்’ என்னும் சொல்லையே, பகலும் இரவும் ஒத்துவரும் காலத்தில் முன்னோரை வழிபடும் வாரத்திற்கு ஜப்பானியர் பெயராக இட்டுள்ளனர்.

இச்சடங்கில் பங்குகொள்ளப் பெரும்பாலான இடங்களில் சமய வேறுபாடு பார்ப்பதில்லை. அமெரிக்காவின் ஹவாய்த் தீவில், ஜப்பானில் தோன்றிய ஷின்னியோ என் என்னும் பௌத்த அமைப்பு 1999ஆம் ஆண்டு முதல் இவ்விழாவை நடத்தத் தொடங்கியது. அங்கே அது போன் காலத்தில் நடவாமல், மே மாதக் கடைசித் திங்கட்கிழமையில் வரும் அமெரிக்கரின் நீத்தார் நினைவு நாளில் நடக்கிறது. பல சமயத்தார் ஆயிரக்கணக்கில் கூடி விளக்கு விடுகின்றனர். அவ்விளக்குகளைக் கடலில் விட்டுவிடாமல் மீண்டும் சேகரித்துச் செப்பனிட்டு அடுத்த ஆண்டிற்குப் பயன்படுத்துகின்றனர். இறந்தோரை மதிக்கும் செயல் இருப்போரின் நீரைக் கெடுத்தல் தகாது என்ற உணர்வால், ஜப்பானிலும் பல ஊர்களில் ஓட்டத்தின் கீழ்ப்பகுதியில் விளக்குகளைச் சேகரித்து அகற்றும் ஏற்பாடு உண்டு.

ஒத்த வழக்கங்கள், வேறான கருத்துகள்

நம் நாட்டிலும் அண்டை நாடுகளிலும் நீரில் விளக்கு விடும் வேறு வழக்கங்கள் உண்டு. அவற்றை இதனோடு குழப்பிக்கொள்ளுதல் கூடாது.

சீனரின் ஏழாம் மாத விழாவை மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அறியாதார் இலர். சாலையோரத்தில் ஊதுவத்தி எரிவதும், கோத்தாய் மேடைகளில் பாட்டு நடப்பதும், அங்கே முன்வரிசை நாற்காலிகள் காணாத விருந்தினர்க்கென வெறுமையாய் விடப்படுவதும் நாம் கண்டவை. இதுவும் யூலான்பென் வழி வந்ததே. தாவோ சமயக் கருத்துகளும் இதில் கலந்துள்ளன. சீனர் நீரில் விடும் விளக்கு நீரில் இறந்து அலையும் உயிர்களுக்கு வழிகாட்டுவது. தைவானின் கீலுங் துறைமுகத்தில் ஏழாம் மாதப் பதினான்காம் நாள் இரவு விடப்படும் விளக்குகள் அவ்வுயிர்களை மறுநாள் படையலுக்கு அழைப்பவை. சீனரின் விளக்கு ‘வருக’ என்கிறது. ஜப்பானியரின் விளக்கு ‘சென்று வருக’ என்கிறது.

சயாமியர் நவம்பர் முழுநிலா நாளையொட்டி மிதக்க விடும் ‘லோய் கிராத்தோங்’ தெப்பங்களோ நீத்தார்க்கு உரியவை அல்ல. நீருக்கு நன்றி கூறலும், ஆண்டின் தீங்குகளைப் போக்கலும் அவற்றின் நோக்கம். போன் விழாவின் ஆட்டப் பகுதி மட்டும் நம் நாட்டிலும் வேர்விட்டுள்ளது. இங்கு வாழும் ஜப்பானியர் 1977ஆம் ஆண்டு முதல் போன் ஒடோரியை நடத்தி வந்துள்ளனர். சிலாங்கூரின் ஷா ஆலமில் அது பெருங்கூட்டத்தை ஈர்க்கும் நிகழ்ச்சியாயிற்று.

ஹிரோஷிமாவின் ஆறு

டோரோ நகாஷி என்றதும் உலகம் நினைப்பது ஹிரோஷிமாவை. 1945ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் காலை 8.15 மணிக்கு அந்நகரின்மேல் அணுகுண்டு வெடித்தது. அவ்வாண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 1,40,000 பேர் மாண்டனர் என்பது நகரத்தார் மதிப்பீடு. உடல் வெந்தவர்கள் நீர் தேடி ஆறுகளுக்கு ஓடினர், அங்கேயே வீழ்ந்தனர். அடையாளம் காண இயலாதோரும், சாம்பல்கூடக் கிடைக்காதோரும் எண்ணிறந்தோர். புதைக்க உடலில்லை, வழிபடக் கல்லறையில்லை. எஞ்சிய உறவினர்க்கு ஆறே கல்லறை ஆயிற்று. போருக்குப்பின் சில ஆண்டுகளுக்குள்ளேயே அவர்கள் அவ்வாற்றில் விளக்கு விடத் தொடங்கினர்.

இன்றும் ஆண்டுதோறும் அந்நாள் மாலை, இடிந்த நிலையிலேயே காக்கப்பட்டுள்ள அணுகுண்டு மாடத்தின் அருகில், மொத்தோயாசு ஆற்றில் பல நிற விளக்குகள் மிதக்கின்றன. போன் விழாவிற்குச் சில நாள் முன்னதாகவே வரும் இந்நாளில், வெளிநாட்டினரும் விளக்குத் தாள் வாங்கித் தத்தம் மொழியில் எழுதி விடலாம்.

அந்த ஆற்றுக்கும் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. போர்க்காலத்தில் ஜப்பானிய அரசு தென்கிழக்காசிய நாடுகளிலிருந்து மாணவர் சிலரைத் தேர்ந்து ஜப்பானுக்கு அழைத்துச் சென்றது. அவர்களுள் மலாயா மாணவர் மூவர் குண்டு விழுந்த அன்று ஹிரோஷிமாவில் பயின்றுகொண்டிருந்தனர். அவர்கள் தங்கிய விடுதி இதே மொத்தோயாசு ஆற்றங்கரையில் இருந்தது. நிக் யூசோப் ஹிரோஷிமாவிலேயே உயிர் நீத்தார். சையத் ஒமார் தோக்கியோ திரும்பும் வழியில் கியோத்தோவில் 1945 செப்டம்பரில் மறைந்தார். அப்துல் ரசாக் உயிர் தப்பி நாடு திரும்பிப் பேராசிரியராய் விளங்கி, 2013ஆம் ஆண்டில் காலமானார். இறந்த இருவரும் இஸ்லாமியர்; அவர்கள் துயிலும் இடமோ பௌத்தக் கோயில்களின் வளாகம். அங்குள்ளோர் தம் சமயத்தார் அல்லாத அவ்விளைஞரின் கல்லறைகளைப் பெயரோடு பேணிவருகின்றனர்.

உறவற்றோர்க்கும் ஒரு விளக்கு

போன் விழாவின் ஆழமான பகுதிக்கு இப்போது வருகின்றோம். சந்ததி இல்லாமலும், நினைப்பார் இல்லாமலும் இறந்தோரை ஜப்பானியர் ‘முவென்போத்தோக்கே’, அதாவது தொடர்பற்ற இறந்தோர் என்பர். போன் காலத்தில் பல கோயில்களில் பசித்த உயிர்களுக்கு உணவளிக்கும் ‘செகாகி’ என்னும் சடங்கு நடைபெறும். அங்கே ‘மூவுலகத்து உயிர்கள் அனைத்தும்’ என்று எழுதிய பலகை வைக்கப்படும். தன் தாயைக் காக்கச் சென்ற மொக்குரென், சங்கம் முழுவதற்கும் உணவளித்தபின்பே அவளைக் காத்தார் அல்லவா? தன் வீட்டாரை மட்டும் நினைத்துச் செய்யும் அறம் நிறைவு பெறாது என்பதே அக்கதையின் பாடம்.

இப்பாடம் நம் உள்ளத்தைத் தொடவேண்டிய ஓர் இடம் உண்டு. அதே போர்க்காலத்தில், 1942, 1943ஆம் ஆண்டுகளில், சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியப் படை 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை அமைத்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தொழிலாளர், பெரும்பாலோர் தமிழர், ஆசை காட்டியும் வலிந்து பிடித்தும் கொண்டு செல்லப்பட்டனர். வாந்திபேதியும் மலைக்காய்ச்சலும் பட்டினியும் அடியும் அவர்களை வாரிக்கொண்டன. சயாம் மரண ரயில் என்று நம் மக்கள் வாய்மொழியில் நிற்பது இதுவே. அங்கு மாண்ட நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாய்க் கல்லறைகள் உள்ளன. நம்மவரில் மிகப் பெரும்பாலோர்க்குப் பெயர் பொறித்த கல்லும் இல்லை. இறந்த நாளும் தெரியாது.

வியப்பான செய்தி ஒன்று: பாதை அமைத்த ஜப்பானியப் படையினரே 1944ஆம் ஆண்டில், குவாய் ஆற்றுப் பாலத்தின் அருகில், பணியில் இறந்தோர் அனைவர்க்கும் ஒரு நினைவுச்சின்னம் எழுப்பினர். அதில் பல மொழிகளில் வாசகங்கள் உள்ளன. தமிழும் அவற்றுள் ஒன்று. கொன்றவரே கொல்லப்பட்டோர்க்குக் கல் நாட்டியது கடமையோ, அச்சமோ, இரண்டுமோ. கற்றோர் முடிவு செய்க. ஆனால் அக்கல்லில் மொழி உண்டு, பெயர்கள் இல்லை.

தோட்டப் பள்ளியில் மாணவர்க்குக் குடும்ப வழிமுறை வரையச் சொல்லும்போது நான் பலமுறை கண்டதொன்றை இங்கே கூறலாம். பூட்டனார் இருக்கவேண்டிய கட்டத்தில் ‘சயாமுக்குப் போனவர்’ என்று மட்டும் எழுதிவரும் பிள்ளைகள் உண்டு. “பெயர் என்ன?” என்றால், “தாத்தாவுக்கே தெரியாதாம் ஐயா” என்பர். தொடர்பற்ற இறந்தோர் என்னும் ஜப்பானியச் சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுமோ? அவர்கள் சந்ததி இல்லாதவர் அல்லர். சந்ததி இருந்தும் பெயர் இழந்தவர்கள்.

நாம் செய்யத் தக்கது

மிதக்கும் விளக்கை நாமும் விடவேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. நீத்தார் கடன் செய்ய நமக்கென முறைகள் உள்ளன. ஆடி அமாவாசையில் கடற்கரைக்கும் ஆற்றங்கரைக்கும் சென்று எள்ளும் நீரும் விடுகின்றோம். நாம் அச்சடங்கிலிருந்து கற்கவேண்டுவது அதன் ஒழுங்கை. முதலில் பெயரை எழுதுகின்றனர், பின்னர் உணவிடுகின்றனர், அதன்பின் வழியனுப்புகின்றனர், தமக்கு உறவல்லாதார்க்கும் ஒரு பங்கு வைக்கின்றனர். மெழுகுவத்தி ஒரு நாழிகைக்குள் எரிந்துவிடும்; தாளும் நனைந்துபோகும். எழுதும்போது சொன்ன பெயரோ, அருகில் நின்ற சிறுவனின் காதில் விழுந்துவிடுகின்றது. அவன் வளர்ந்தபின் அவன் கை அதை எழுதும்.

ஆகவே பெற்றோரும் ஆசிரியரும் இவ்வொரு செயலையேனும் மேற்கொள்க. சயாமுக்குப் போய்த் திரும்பாதவர் உங்கள் குடும்பத்தில் உண்டா என்று மூத்தோரைக் கேளுங்கள். பெயர், தோட்டத்தின் பெயர், தந்தை பெயர், தமிழகத்து ஊர் ஆகியவற்றுள் எது கிடைத்தாலும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்நாளைச் சிறுபிள்ளைகளாய்க் கண்டவர்கள் இப்போது தொண்ணூறை நெருங்கியும் கடந்தும் இருக்கின்றனர். அடுத்த ஆடி அமாவாசைக்குள் கேட்டுவிடுதல் நன்று.